பணமா, கட்டடமா: போரில் போன பொதுச் சொத்துக்கு எது சரியான ஈடு?

எங்கள் ஊர்ச் சாவடி சாலை விரிவாக்கத்தில் போனது. பணம் வேண்டுமா, வேறிடத்தில் கட்டித் தரவா என்று கேட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் நான் கட்டித் தரச் சொன்ன பக்கம். ரங்கூனில் லேவாதேவி பார்த்த எங்கள் ஐயா இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் எல்லாவற்றையும் விட்டு ஊர் திரும்பியவர். போரில் போனதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தேன்.

பணத்தின் வசதி தெரிந்ததே: கைக்கு வரும், நம் இஷ்டம்போல் செலவழிக்கலாம். சரி, ஆனால் எந்த வருஷத்து விலை? பிரிட்டன் 1941இல் போட்ட போர்ச் சேதச் சட்டத்தில் இரண்டு வழி இருந்தது. பழுதுபார்க்க முடிந்த கட்டடத்துக்கு வேலைக்கு ஆகும் செலவையே கொடுத்தார்கள். அடியோடு போனதற்கு மதிப்புத் தொகை. அதற்கு அடிப்படை 1939 மார்ச் மாத விலை. செங்கல், மரம், கூலி எல்லாம் ஏறிவிட்டதால் பின்னால் அரசே அதைச் சதவீதம் போட்டு உயர்த்த வேண்டிவந்தது. வேலைச் செலவு வாங்கியவருக்கு இந்தக் கவலையே இல்லை.

எங்களுக்கும் அதே சிக்கல்தான். சாவடியில் எட்டுத் தூண், எல்லாம் பர்மா தேக்கு. மதிப்பீட்டுத் தாளில் வயதுக்குத் தேய்மானம் கழித்திருந்தார்கள். ஆசாரி ஒரு தூணைத் தட்டினார், கணீரென்றது. "இதுக்கா அண்ணே தேய்மானம்?" என்றார். அந்தத் தொகைக்கு அதே தேக்கில் இரண்டு தூண்கூட வராது.

அந்தப் போருக்குப் பின் நாடுகளுக்குள்ளும் இதே கேள்வி வந்தது. 1946இல் அமெரிக்கா பிலிப்பைன்ஸுக்குத் தனியார் இழப்புக்கு 40 கோடி டாலரும், சாலை, துறைமுகம், அரசுக் கட்டடம் போன்றவற்றுக்கு 12 கோடியும் தனித்தனியே ஒதுக்கியது. பர்மாவுக்கு ஜப்பான் 1954 ஒப்பந்தப்படி 10 வருஷத்தில் 20 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ரொக்கமாக அல்ல, பொருளாகவும் வேலையாகவும். பலுசாவுங் நீர்மின் நிலையம் அப்படி எழுந்ததுதான். இந்தியாவோ 1952இல் ஜப்பானிடம் ஈடே வேண்டாம் என்று விட்டுவிட்டது.

பொருளாக வாங்குவதில் குறை இல்லாமல் இல்லை. கொடுப்பவர் தன் நாட்டுச் சரக்கைத்தான் அனுப்புவார். அப்புறம் உதிரிப் பாகத்துக்கு அவரிடமே போய் நிற்க வேண்டும். அப்படியும் பொதுச் சொத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரொக்கம் கஜானாவில் கலந்தால் எது துறைமுகத்துப் பணம், எது பள்ளிக்கூடத்துப் பணம் என்று பிரித்துக் கேட்க ஆள் இருக்காது.

எங்கள் புதுச் சாவடிக்கு வயது இரண்டுதான். இருபது வருஷம் தாங்குமா என்று இப்போதே சொல்ல மாட்டேன். ஒழுகினால் யார் பார்ப்பது என்று நாங்கள் எழுதி வாங்கவில்லை. நீங்கள் கட்டடம் கேட்பதானால், கையெழுத்துக்கு முன்னால் அதை எழுதி வாங்கிவிடுங்கள்.