மாங்கொட்டைக்கு எந்தக் கரைப்பான்: எத்தனாலா, டிஈஎஸ்ஸா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் சீசன் தொடங்கிவிட்டால் கூழ் டின்னுக்குள் போகும், கொட்டை வெளியே மலையாகக் குவியும். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்தால் அதில் பத்து சதவீதத்தை ஒட்டிக் கொழுப்பு இருக்கும். கூடவே காலோடானின், காலிக் அமிலம், மாஞ்சிஃபெரின் என்று பாலிஃபீனால்களும் (தாவரங்களில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்). இவற்றை ஹெக்சேன், மெத்தனால் போன்ற நச்சுக் கரைப்பான்கள் பக்கம் போகாமல் பிரித்தெடுக்க, சூழலுக்குக் கேடு குறைந்த ‘பச்சை’க் கரைப்பான்கள் என்று இன்று அடிபடும் பெயர்கள் மூன்று: எத்தனால்–தண்ணீர், டிஈஎஸ் எனப்படும் ஆழ் யூடெக்டிக் கரைப்பான் (கலந்தால் தனித்தனியே உருகுவதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே திரவமாகும் கலவை), சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு. எங்கள் லேபில் எத்தனாலோடு நின்றுவிட்டோம். என் ஓட்டும் அதற்கே.

கார்பன் டை ஆக்சைடை முதலில் முடித்துவிடலாம். 31 டிகிரி, 74 பார் தாண்டினால் அது வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட சூப்பர்கிரிட்டிகல் நிலைக்குப் போகும். கொழுப்பை அருமையாக இழுக்கும். அழுத்தத்தை இறக்கினால் மிச்சமில்லாமல் பறந்துவிடும். ஆனால் பாலிஃபீனாலை அது தனியாகத் தொடாது, துணைக்கு எத்தனால் கேட்கும். கருவி விலையும் சின்ன லேபுக்குக் கட்டாது. பிறர் ஓட்டப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை.

டிஈஎஸ் சுவாரசியமான சரக்கு. 302 டிகிரியில் உருகும் கோலின் குளோரைடையும் 133 டிகிரியில் உருகும் யூரியாவையும் 1:2 மோல் விகிதத்தில் கலந்தால், கலவை 12 டிகிரியிலேயே திரவமாகிவிடுகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபோட் குழு இதை 2003இல் வெளியிட்டது. மாங்கொட்டைக்கு யூரியாவுக்குப் பதில் கிளிசராலோ லாக்டிக் அமிலமோ போடலாம். கோலின் குளோரைடு கோழித் தீவனத்தில் சேர்க்கிற பொருள்தான், கிடைப்பதில் சிரமமில்லை. எளிதில் தீப்பிடிக்காது. முக்கியமாக, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் பெர்மிட் வாங்கி, ரிஜிஸ்டர் எழுதி, பூட்டி வைக்கும் எத்தனால் தலைவலி இதில் இல்லை. சாற்றில் எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் எங்கள் எச்பிஎல்சி கருவியின் வரைபடத்தில் சில பீக்குகள் (முகடுகள்; உயரம் கூடினால் பொருளும் கூடுதல்) டிஈஎஸ்ஸில்தான் உயரமாக வந்தன. அதை மறைக்க மாட்டேன்.

சரி, பீக் உயர்ந்தது. அந்தப் பொருளைக் கரைப்பானிலிருந்து வெளியே எடுப்பது எப்படி? என் முடிவு இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. டிஈஎஸ்ஸுக்கு ஆவியழுத்தம் இல்லையென்றே சொல்லலாம், கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் ரோட்டாவேப்பரில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அசையாது. கிளிசரால் சேர்ந்தது தேன் மாதிரி. நூற்றுக்கு இருபது, முப்பது தண்ணீர் விட்டால்தான் ஃபில்டரில் இறங்கும். பிறகு சாற்றை நீர்த்து, பாலிஃபீனாலைப் பிடித்து வைக்கும் ரெசின் மணிகள் நிரப்பிய குழாயில் ஏற்ற வேண்டும், டிஈஎஸ் போகும்வரை தண்ணீரால் கழுவ வேண்டும், ரெசினில் ஒட்டிய பாலிஃபீனாலைக் கடைசியில் எத்தனால் ஊற்றி இறக்க வேண்டும். முன்வாசலில் வேண்டாம் என்ற எத்தனால் கொல்லை வழியாக வந்துவிட்டதா? பெர்மிட்டும் கூடவே வந்துவிடும். கழுவிய தண்ணீரிலிருந்து டிஈஎஸ்ஸை மீட்பதானால் அத்தனை தண்ணீரையும் ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ எத்தனாலை ஆவியாக்கும் வெப்பத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஒரு கிலோ தண்ணீருக்கு ஆகும். பச்சை என்ற பெயர் அங்கே கொஞ்சம் வெளுக்கிறது.

எத்தனாலில் இந்தச் சுற்று கிடையாது. கொழுப்பு நீக்கிய பருப்பு மாவு, 70 சதவீத எத்தனால், 50 டிகிரி. வடிகட்டி, வெற்றிடத்தில் ரோட்டாவேப்பர் போட்டால் எத்தனால் பிளாஸ்கில் திரும்பி வருகிறது. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அதன் செறிவைப் பார்த்து, தண்ணீர் சேர்த்து 70க்குக் கொண்டுவந்தால் அடுத்த பேட்ச். வெறும் வடித்தலால் எத்தனாலை 95.6 சதவீதத்துக்கு மேல் செறிவாக்க விடாமல் அசியோட்ரோப் (சேர்ந்தே ஆவியாகும் கலவை) தடுக்கிறதே என்ற கவலையும் இல்லை, நமக்குத் தேவை எழுபதுதானே. பருப்பில் பாதிக்கு மேல் ஸ்டார்ச் என்பதால் வெறும் தண்ணீரில் எழுபது டிகிரிக்குச் சூடாக்கினால் கஞ்சியாகி ஃபில்டர் பேப்பர் அடைத்துக்கொள்ளும். எத்தனாலில் ஸ்டார்ச் உப்பாமல் கிடக்கிறது.

பிரித்தெடுக்காமல் சாற்றை அப்படியே கிரீமில் சேர்க்கப் போகிறவர்களுக்கு என் வாதம் பொருந்தாது, அவர்கள் டிஈஎஸ்ஸையே எடுக்கலாம். ஆனால் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி எண்ணம் இருந்தால் கோலின் குளோரைடு வேண்டாம். அழகுசாதனங்களுக்கான அங்குள்ள தடைப் பட்டியலில் கோலின் உப்புகள் இருக்கின்றன. கோலின் இல்லாத டிஈஎஸ்ஸான பீட்டைன்–கிளிசரால் கலவையைப் பாருங்கள்.