ஆய்வும் வகுப்பறையும் அடுத்தடுத்த அறைகளில்: ஒரு வட்டாரக் கணிதச் சந்திப்பு குறித்த மதிப்புரை

இரண்டு நாள் நடைபெற்ற ஒரு வட்டாரக் கணிதவியலாளர் சந்திப்பில் தொடக்கம் முதல் இறுதி வரை கலந்துகொண்ட பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், முதுகலை மாணவர்கள் ஆகியோர் வந்திருந்தார்கள். புதிய ஆய்வு முடிவுகளைப் பகிர்வதும், பாடம் நடத்தும் வழிகளைப் பகிர்வதும் தமக்குச் சம அளவில் முக்கியம் என்று அமைப்பாளர்கள் அழைப்பிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். அந்த நோக்கம் நிறைவேறிய நேரங்களில் சந்திப்பு மிகச் சிறப்பாக இருந்தது. நிகழ்ச்சி நிரலே அதற்குக் குறுக்கே நின்ற நேரங்களில் ஏமாற்றம் தந்தது. நான் கல்லூரியில் மெய்ப் பகுப்பாய்வு (மெய்யெண் சார்புகளையும் எல்லைகளையும் ஆராயும் பாடம்) கற்பிக்கிறேன். ஆய்வை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே என் மதிப்பீடு கற்பித்தல் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதிவு, இருக்கை, ஒலியமைப்பு ஆகியவற்றில் குறை எதுவும் இல்லை. நாளுக்கு ஒரு பொது உரையும், அதன்பின் மூன்று அறைகளில் ஒரே நேரத்தில் இருபது நிமிடச் சிற்றுரைகளும் வைத்திருந்தார்கள். பிற்பகல்களில் கற்பித்தல் பட்டறையும், முதல் நாள் மாலையில் மாணவர்களின் போஸ்டர் அமர்வும் நடந்தன.

முதல் நாளின் பொது உரை, ஒரே வடிவிலான ஓடுகளைக் கொண்டு தளத்தை நிரப்புவது பற்றியது. இடைவெளியும் மேற்படிதலும் இல்லாமல் தளம் முழுவதையும் நிரப்ப வேண்டும், ஆனால் அந்த அமைப்பு எந்தத் திசையிலும் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரக் கூடாது. இத்தகைய ஓட்டுத் தொகுதி உண்டா என்பது கேள்வி. 1966-இல் ராபர்ட் பெர்கர் 20,426 வகை ஓடுகள் கொண்ட ஒரு தொகுதியால் இது இயலும் என்று காட்டினார். 1970-களில் ரோஜர் பென்ரோஸ் அந்த எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தார். ஒரே ஓடு போதுமா என்ற கேள்வி 2023 வரை விடையின்றி நின்றது. அந்த ஆண்டில் டேவிட் ஸ்மித், ஜோசப் மையர்ஸ், கிரெய்க் கப்லன், சைம் குட்மன்-ஸ்ட்ராஸ் ஆகிய நால்வரும் ‘தொப்பி’ எனப்படும் 13 பக்க வடிவம் போதும் என்று நிறுவினார்கள். அந்த வடிவத்தை முதலில் கண்டெடுத்த ஸ்மித், கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். காகிதத்தில் வடிவங்களை வெட்டி அடுக்கிப் பார்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்தவர்.

இந்த வரலாற்றைச் செய்தித்தாளில் படித்தவர்கள் அரங்கில் பலர் இருந்திருப்பார்கள். உரையாளர் அதற்கு மேல் ஒன்று செய்தார். ஒவ்வொரு மேசைக்கும் அட்டையில் வெட்டிய தொப்பி ஓடுகளை முன்கூட்டியே வைத்துவிட்டு, உரையின் முதல் பத்து நிமிடங்களை அடுக்குவதற்காகவே விட்டுவிட்டார். எங்கள் மேசையில் ஆறேழு ஓடுகள் வரை ஒழுங்காகப் பொருந்தின. அதன்பின் எந்த ஓட்டை எப்படித் திருப்பினாலும் ஓர் இடுக்கு எஞ்சியது. ஓர் ஓட்டைக் கவிழ்த்துப் போட்டால்தான் பொருந்தும் என்பதை அருகில் இருந்த பள்ளி ஆசிரியர் கண்டார். ஏறத்தாழ ஏழு ஓடுகளுக்கு ஓர் ஓடு கவிழ்ந்த நிலையில் வரும் என்றும், அந்த விகிதம் பொன் விகிதத்தின் (ஏறத்தாழ 1.618) நான்காம் அடுக்கு என்றும் உரையாளர் பின்னர் விளக்கியபோது, அந்த எண்ணை நாங்கள் கைகளால் ஏற்கெனவே உணர்ந்திருந்தோம். கவிழ்த்த ஓடும் அதே ஓடுதானா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. கண்ணாடிப் பிம்பமே தேவைப்படாத இன்னொரு வடிவத்தை அதே நால்வர் அதே ஆண்டில் வெளியிட்டதை அவர் அந்தக் கேள்விக்கு விடையாகச் சொன்னார். ஆய்வு முடிவு ஒன்றை இப்படி வரிசைப்படுத்திச் சொல்வது கற்பித்தலில் தேர்ந்த ஒருவரால்தான் இயலும். அந்த ஐம்பது நிமிடங்களுக்காக மட்டுமே கூட நான் மறுபடியும் பயணம் செய்வேன்.

இரண்டாம் நாள் பொது உரை எனக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. ஸ்லைடுகள் மிகுதியாகவும், அவற்றில் குறியீடுகள் நெருக்கமாகவும் இருந்தன. மூன்றாம் ஸ்லைடுக்குப் பின் துறை சார்ந்த சிலரைத் தவிர மற்றவர்களால் தொடர முடியவில்லை.

சிற்றுரைகளின் தரம் ஏற்ற இறக்கமாக இருந்தது. இருபது நிமிடத்தில் பதினான்கு நிமிடங்களை வரையறைகளுக்கே செலவிட்டு, முதன்மைத் தேற்றத்தை எழுந்து நின்ற நிலையில் வாசித்து முடித்த உரைகள் இரண்டு. அவற்றுக்கு நேர்மாறாக, கோட்டுருக்களுக்கு, அதாவது கோடுகளால் இணைத்த முனைகளுக்கு, இணைந்த இரண்டு முனைகள் ஒரே வண்ணம் பெறாதபடி வண்ணமிடுதல் பற்றிப் பேசிய ஓர் இளம் ஆய்வாளர் சாக்பீஸை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆறு முனைகளை இரண்டு வரிசையாக வரைந்து, ஒவ்வொரு முனையையும் எதிர் வரிசையில் தனக்கு நேர் எதிரே உள்ளதைத் தவிர மற்ற இரண்டுடன் இணைத்தார். இரண்டே வண்ணங்கள் போதும் என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் நேர் எதிர் முனைகளை இணை இணையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் முதல் வண்ணத்தைத் தந்துகொண்டே போனால் மூன்று வண்ணங்கள் தேவைப்படும். எட்டு முனைகளுக்கு நான்கு. இப்படியே பெருகிக்கொண்டு போகும். முனைகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதே தன் ஆய்வின் கரு என்று அவர் நான்காம் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். தாம் முயன்று தோற்ற இரண்டு வழிகளையும், அவை எந்த எதிர்க்காட்டால் வீழ்ந்தன என்பதையும் மறைக்காமல் காட்டினார். அச்சிட்ட ஆய்வுக்கட்டுரையில் தோற்ற வழிகளுக்கு இடம் இருப்பதில்லை. நேரில் கூடுவதன் பயன் அங்கே தெளிவாகத் தெரிந்தது.

இனி என் முதன்மைக் குறைக்கு வருகிறேன். கற்பித்தல் பட்டறை நடந்த அதே வேளையில் பக்கத்து அறையில் ஆய்வுரைகள் வைக்கப்பட்டிருந்தன. இதனால் பட்டறைக்கு ஆசிரியர்களும், ஆய்வுரைகளுக்கு ஆய்வாளர்களுமாகக் கூட்டம் பிரிந்துவிட்டது. எது நேர்ந்திருக்க வேண்டும் என்பதை, முதல் நாள் பட்டறையில் தற்செயலாக நேர்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பட்டறையை நடத்திய ஆசிரியர், வட்டத்தின் மேல் புள்ளிகளைக் குறித்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்கோடுகளால் இணைத்து, வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது என்று எண்ணச் சொன்னார். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறாவது புள்ளியை வரையுமுன் விடையை எழுதச் சொன்னபோது ஏறத்தாழ எல்லாரும் 32 என்று எழுதினோம். வரைந்து எண்ணியபோது அறையில் மூன்று விடைகள் வந்தன: சிலருக்கு 30, சிலருக்கு 31, வரைபடத்தை விட எதிர்பார்ப்பை நம்பிய சிலருக்கு 32. பட்டறை நடத்தியவர் எது சரி என்று சொல்லாமல் காத்திருந்தார். 30 என்று எண்ணியவர்கள் புள்ளிகளைச் சம இடைவெளியில் குறித்திருந்தார்கள் என்பதை ஒருவர் கவனித்தார். அப்போது மூன்று கோடுகள் மையத்தில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரு சிறு முக்கோணம் மறைந்துவிடுகிறது. எந்த மூன்று கோடுகளும் உள்ளே ஒரு புள்ளியில் சந்திக்கவில்லை என்றால் விடை 31. ஒவ்வொரு கோடும் ஒரு பகுதியைக் கூட்டுகிறது, ஒவ்வொரு வெட்டுப்புள்ளியும் இன்னொன்றைக் கூட்டுகிறது. இரண்டு புள்ளிகளுக்கு ஒரு கோடு, நான்கு புள்ளிகளுக்கு ஒரு வெட்டுப்புள்ளி. ஆகவே ஆறு புள்ளிகளுக்கு 1 + 15 + 15.

பக்கத்து அறையில் உரை ரத்தானதால் அங்கிருந்து ஓர் ஆய்வாளர் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். எண்ணும் வழிகளையும் சேர்க்கைகளையும் ஆராயும் சேர்வியல் அவர் துறை. பத்துப் புள்ளிகளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள் என்றார். 1 + 45 + 210 = 256. கைவிட்ட இரண்டின் அடுக்கு மறுபடியும் வந்து நின்றது. அதற்கு மேல் வேறு எங்கேனும் வருமா என்று ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டதும், பட்டறைக்கான நேரம் முடிந்த பிறகும் அவர்கள் இருவரும் கரும்பலகையை விட்டு நகரவில்லை. மாணவர்களிடம் “சில எடுத்துக்காட்டுகள் நிறுவல் ஆகா” என்று நான் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். அந்த வாக்கியத்துக்கு இவ்வளவு வலிமையான ஒரு பாடம் என்னிடம் இருந்ததில்லை. அந்த ஆய்வாளர் அங்கே வந்தது ஓர் உரை ரத்தானதால் மட்டுமே நிகழ்ந்தது என்பதுதான் என் வருத்தம்.

ஆய்வும் கற்பித்தலும் தனித்தனி அறைகளுக்குப் போவது புதிதன்று. பெஞ்சமின் ஃபிங்கெல் 1894-இல் தொடங்கிய ‘அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி’ இதழ் கல்லூரிக் கற்பித்தலில் அக்கறை கொண்டவர்களுக்கு உரியதாக வளர்ந்தபோது, அதன் பொறுப்பை ஏற்க ஆய்வை மையமாகக் கொண்ட அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் சொசைட்டி 1915-இல் முன்வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மேத்தமேட்டிக்கல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற தனிச் சங்கம் உருவாயிற்று. வட்டாரப் பிரிவுகளும் அவற்றின் கூட்டங்களும் அந்தச் சங்கத்தின் அடித்தளமாயின. பெரிய அமைப்புகளில் பிரிவினைக்கு நிர்வாகக் காரணங்கள் இருக்கலாம். ஒரு கட்டடத்துக்குள் அடங்கும் சந்திப்புக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டாம் நாள் பட்டறையில் ஒருவர், மாணவர்களை வகுப்பிலேயே செயல்பட வைக்கும் முறைகளுக்கு ஆதரவாக, ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வை எடுத்துரைத்தார். அறிவியல், பொறியியல், கணித இளநிலை வகுப்புகள் குறித்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 விழுக்காடு, மற்றவற்றில் 21.8 விழுக்காடு. எண்களைச் சரியாகவே சொன்னார். ஆனால் அந்த ஆய்வுகளில் ‘செயல்வழி’ என்ற பெயரின் கீழ் பல்வேறு முறைகள் அடங்குகின்றன. எந்த முறை, எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு அவர் இடம் தரவில்லை. எல்லை என்ற கருத்தைத் துல்லியப்படுத்தும் எப்சிலான்–டெல்டா வரையறையை அறுபது பேர் கொண்ட வகுப்பில் கற்பிக்கும் எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். முந்தைய நாள் வட்டமும் புள்ளிகளும் இதைவிட அதிகமாக உதவின.

போஸ்டர் அமர்வு எதிர்பார்ப்பை மிஞ்சியது. ஒரு மாணவி எண்களின் பிரிவினைகளை எடுத்துக்கொண்டிருந்தார். வரிசையைக் கருதாமல் 4-ஐ நேர்ம முழு எண்களின் கூடுதலாக எழுத 5 வழிகள், 9-ஐ எழுத 30, 14-ஐ எழுத 135. 4-இல் தொடங்கி ஐந்தைந்தாக ஏறும் எல்லா எண்களுக்கும் இந்த எண்ணிக்கை 5-ஆல் வகுபடும் என்பது ராமானுஜன் 1919-இல் வெளியிட்ட முடிவு. அதைச் சொல்லி நிறுத்தாமல், அந்த வழிகளை ஐந்து சம குழுக்களாகக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்க முடியுமா என்று அந்த மாணவி கேட்டிருந்தார். ஒவ்வொரு பிரிவினையிலும் மிகப் பெரிய உறுப்பிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் கழித்து, அதை 5-ஆல் வகுத்து வரும் மீதியின்படி பிரித்தால் போதும் என்று ஃப்ரீமன் டைசன் 1944-இல் ஒரு மாணவர் இதழில் ஊகித்தார். பத்தாண்டுகளுக்குப் பின் ஆட்கினும் ஸ்வின்னர்டன்-டையரும் அதை நிறுவினார்கள். 4-இன் ஐந்து பிரிவினைகளும் ஐந்து வெவ்வேறு மீதிகளைத் தருவதை அந்த மாணவி என்னைக் கொண்டே கணக்கிட வைத்தார். 9-இன் முப்பதையும் ஆறு ஆறாக ஐந்து நிறங்களில் எழுதிவைத்திருந்தார். இந்த அமர்வுக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம். பாதிப் போஸ்டர்களைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. மாணவர்களின் உழைப்புக்கு இது நியாயமான நேரம் அன்று.

அமைப்பாளர்கள் எளிதில் திருத்தக்கூடிய வேறு சிலவும் உண்டு. உரைச் சுருக்கங்கள் முதல் நாள் காலையில்தான் கைக்குக் கிடைத்தன. எந்த உரைக்கு என்ன முன்னறிவு வேண்டும் என்ற ஒரு வரி எதிலும் இல்லை. உரைகள் நேரம் கடந்தபோது கேள்விகளுக்கான ஐந்து நிமிடங்களே எப்போதும் பலியாயின. ஒரு தலைமையாளர் மட்டும் பதினைந்தாம் நிமிடத்தில் எழுந்து நின்று உரையாளரை நிறுத்தினார். அவர் அறையில்தான் நல்ல கேள்விகள் எழுந்தன.

ஆய்வைத் தொடங்கும் மாணவர்களும், பல ஆண்டுகள் ஒரே பாடத்தை நடத்திச் சலித்த ஆசிரியர்களும் இத்தகைய சந்திப்புக்குத் தயங்காமல் செல்லலாம். தம் துறையின் ஆழமான புதிய முடிவுகளை மட்டும் தேடுவோருக்கு அத்துறைக்கே உரிய மாநாடு ஏற்றது. செல்பவர்கள் முடிக்க முடியாத ஒரு கணக்கையோ, மாணவர்கள் தொடர்ந்து தவறு செய்யும் ஒரு பகுதியையோ கையில் கொண்டு போனால், உரைகளை விட இடைவேளைகளில் அதிகம் கிடைக்கும். கருத்துப் படிவத்தில் நான் ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுத்தேன்: அடுத்த முறை பட்டறை நடக்கும் ஒன்றரை மணி நேரத்தில் மற்ற அறைகள் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும்.