வேகமான ராக் பாடலுக்கு கிட்டார் கன்ட்ரோலரா, கணினி விசைப்பலகையா?

நிமிடத்திற்கு 180 தாளம் ஓடும் ஓர் ஆல்டர்நேட்டிவ் ராக் பாடலை, காட்பாடியில் தம்பியின் கணினியில் திரையில் வரும் குறிகளுக்கேற்பப் பொத்தான்களை அழுத்தும் க்ளோன் ஹீரோ இசை விளையாட்டில் இரண்டு கருவிகளாலும் வாசித்துப் பார்த்தேன். அந்த வேகத்தில் அரைத் தாளத்திற்கு ஏறத்தாழ 167 மில்லி வினாடியே கிடைக்கிறது.

2005இல் வந்த கிட்டார் ஹீரோ பரவலாக்கிய கன்ட்ரோலரில், ஐந்து வண்ணப் பொத்தான்களை ஒரு கை அழுத்த, மறு கை, கிட்டார் தந்திக்குப் பதிலான ஸ்ட்ரம் பட்டையைத் தட்ட வேண்டும். பட்டையைக் கீழ்நோக்கி மட்டும் தட்டாமல் மேலும் கீழுமாக மாற்றித் தட்டினால், ஒவ்வொரு அசைவும் ஒரு சுரமாகிவிடுவதால், ஒரே சுரம் விடாமல் திரும்பும் ரிஃப் பகுதிகளிலும் மணிக்கட்டு சோர்வதில்லை. பொத்தானை மட்டும் அழுத்தி வாசிக்கும் ஹேமர்-ஆன் குறிகளிலோ, முந்தைய சுரத்தைத் தவறவிடாதவரை, தட்டவே வேண்டியதில்லை. வேலூர் வெயிலில் வியர்த்த விரல்கள் பொத்தானில் வழுக்குவது தனித் தொல்லை.

விசைப்பலகைக்குத் தனிச் செலவில்லை. ஆனால் மலிவான பலகைகள் சில மூன்று விசைச் சேர்க்கைகளை ஒருசேரப் பதிவு செய்வதில்லை. கார்டுகள் (chords), அதாவது பல பொத்தான்களை ஒருசேர அழுத்த வேண்டிய சுரக்கூட்டுகள், நெருங்கி வரும் கோரஸில், சரியாக அழுத்தியும் சுரம் தவறுவது எரிச்சலூட்டுகிறது. மெதுவான பாடல்களுக்கு அதுவே போதும். இந்த வேகத்திற்கு, பழையதாயினும் கிட்டார் வடிவக் கருவியையே எடுப்பேன். எதைப் பிடித்தாலும், திரையின் தாமதத்தை அமைப்புகளில் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.