எஃப்-16 கேனோபிக்கு நிறம் ஏற்றி நாலு வருஷம்: வாங்கலாமா என்று கேட்டவனுக்கு

"அந்த ஸ்மோக் கலர் குப்பி வாங்கலாமாடா?" என்று நண்பன் கேட்டான். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை.

நாலு வருஷமாக ஸ்மோக், கிளியர் யெல்லோ என்ற ஒளி ஊடுருவும் இரண்டு பெயிண்டுகளைக் கலந்து, 1/48 எஃப்-16, 1/72 பிரவுலர் பிளாஸ்டிக் மாடல் விமானங்களின் கேனோபிகளுக்கு, அதாவது விமானி தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடிகளுக்கு, அடித்துக்கொண்டிருக்கிறேன். நிஜ எஃப்-16 பலவற்றில் தெரியும் அந்தப் பொன்சாயல், ரேடார் அலை காக்பிட்டுக்குள் புகாமல் இருக்கப் பூசிய மெல்லிய மின்கடத்துப் படலம். பிரவுலரில் கதை வேறு: எதிரி ரேடாரைக் குழப்பும் தன் ஜாமர்கள் கக்கிய அலையிலிருந்தே உள்ளே இருந்தவர்களைக் காக்க வேண்டியிருந்தது.

நிறத்தைக் குறை சொல்ல மாட்டேன். விளக்கடியில் திருப்பினால் தேன் மாதிரி மின்னும். தின்னர் தாராளமாகக் கலந்து, ஏர்பிரஷில் உள்பக்கம் மூன்று நான்கு பூச்சு. வெளியே அச்சில் வார்த்தபோது விழுந்த கோட்டைத் தேய்த்து மெருகேற்றலாம், சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. பிடிக்கவில்லையா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும். லாக்கர் தின்னரை மட்டும் கிட்டேயே கொண்டுபோகாதே. ஒருமுறை புத்தி கெட்டு ஊற்றினேன், கேனோபி முழுக்கச் சிலந்திவலை விரிசல்.

ஆனால் அந்த அடி விளிம்பு! பூச்சு ஈரமாக இருந்தால் நிறமெல்லாம் வழிந்து அங்கே போய்த் தேங்கி, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடாக நிற்கும். தள்ளி நின்று அடித்தாலோ, துளி காற்றிலேயே உலர்ந்து உப்புத்தாள்தான். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அது தினம் ஒரு தூரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. (என் கைதான் காரணம் என்று நீ சொல்வாய். இருக்கலாம்.)

அக்ரிலிக் தரை மெருகில் உணவுச்சாயம் கலந்து முக்கியும் பார்த்தேன். விளிம்பை டிஷ்யூ மேல் நிறுத்தினால் மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், கோடு விழாது. தூசிதான் விழுகிறது. டப்பாவைக் கவிழ்த்து மூடி வை, அப்படியும் ஒரு முடி வந்து ஒட்டும்.

இன்னொன்று, ஒரு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த சீட் பெல்ட் எதுவும் அப்புறம் வெளியே தெரியாது. சுமாரான காக்பிட்டுக்கு இதைவிட நல்ல மறைப்பும் கிடையாது.

இத்தனை புகழ்ந்துவிட்டேனே, ஆனாலும் வாங்காதே. மூன்றாம் தடவையாகக் கழுவிய கேனோபி இப்போதுதான் மேசையில் காய்ந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு என் வாயில் வேறு பதில் வராது.