தேக்காவில் கோதுமை இல்லாத தட்டு: தோசைக்கல்லா, பிரியாணிச் சட்டியா?

சிங்கப்பூரில் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஆகாத ஒரு தமிழர் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்து உணவங்காடிக்குள் நுழைந்தால் கால் தானாகத் தோசைக் கடைப் பக்கம் போகும். அரிசியும் உளுந்தும்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. எங்கள் கணக்கு வேறு. காலையில் இட்லியும் இடியாப்பமும், மதியம் பிரியாணி. தோசைக்கு இடம் அவற்றுக்கெல்லாம் பின்னால்தான்.

முதலில் அளவு. குளூட்டன் இல்லாத உணவு என்று முத்திரை குத்த, பன்னாட்டு உணவுத் தரநிலை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. சீலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் கெடும் நோய்) உள்ள பெரும்பாலோருக்கு ஒரு நாளில் 10 மில்லிகிராம் வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒரு கிராம் மைதாவில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அதாவது கிராமில் எட்டில் ஒரு பங்கு மைதா ஒட்டினாலே அன்றைய கணக்கு தீர்ந்தது. கோதுமையைச் சும்மா குறைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கெடுபிடி வேண்டியதில்லை. கீழே வருவதெல்லாம் சீலியாக் உள்ளவர்களுக்கானது.

தோசைக்கல்

மாவில் பிழை குறைவு. சில கடைகளில் நிறமும் மொறுமொறுப்பும் வர ஒரு கரண்டி ரவையோ மைதாவோ கலப்பதுண்டு, கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிழை கல்லில். அதே கல்லில்தான் ரவா தோசை வார்ப்பார்கள். பல கடைகளில் பரோட்டாவும் முர்தபாவும் (இறைச்சியும் முட்டையும் வைத்து மடிக்கும் பரோட்டா) அங்கேயே. ரவா தோசைக் கரைசலில் ரவை, அரிசி மாவு, மைதா மூன்றும் உண்டு. அதன் ஓரத் துணுக்குகள் கல்லில் ஒட்டிக் கருகும். அடுத்த தோசைக்குக் கல்லைத் துடைக்கும் துணியோ அரை வெங்காயமோ அவற்றை அகற்றுவதைவிடக் கல் முழுக்கப் பரப்புவதே அதிகம். சூட்டில் எல்லாம் எரிந்துவிடும் என்பது தவறு. தோசைக்கல் சூட்டில் குளூட்டன் அழியாது. தோசைத் திருப்பியும் ஒன்றுதான்.

பரோட்டா மாவு எண்ணெயில் புரள்வதால் அதிகம் பறக்காது, தொட்டால்தான் ஒட்டும். சப்பாத்தி அப்படியில்லை. உலர்மாவு தூவி உருட்டும் மேடைக்குப் பக்கத்தில் எது திறந்திருந்தாலும் அதில் மாவு படியும். ஆக, கடையைப் பார்த்ததும் தேட வேண்டியது உருட்டுக்கட்டை. அது கண்ணில் பட்டால் அடுத்த கடை.

தோசைதான் வேண்டும் என்றால் கல்லுக்கு இன்னும் எண்ணெய் காட்டாத அதிகாலையில் முதல் ஆளாகப் போக வேண்டும், அல்லது தனிக்கல் வைத்திருக்கும் கடையைப் பிடிக்க வேண்டும்.

இட்லித் தட்டு, இடியாப்பத் தட்டு

ஆவியில் வேகும் பண்டத்துக்கு அதன் பாத்திரமே காவல். இட்லிக் கொப்பரைக்குள் வேறு மாவு போவதில்லை. ரவா இட்லி போடும் கடை மட்டும் விலக்கு. இடியாப்பமும் அப்படியே. ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: அரிசி மாவு இடியாப்பம் வெள்ளையாக, விண்டால் பொலபொலவென்று விடும். கோதுமை மாவு சேர்த்தது பழுப்பாக இருக்கும். இழை விடாமல் இழுபடும். பழுப்பு கேழ்வரகாலும் வரலாம், ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் கேட்டுவிடுவது நல்லது. துருவிய தேங்காய், சர்க்கரையோடு வாங்கினால் குழம்புக் கரண்டிப் பிரச்சினையே இல்லை. ஆப்பத்துக்கும் தனிச்சட்டி இருப்பதால் தோசையைவிட மேல். புளிக்க வைக்கும் ஈஸ்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சாம்பாருக்கு வருவோம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பிசினோடு மைதா கலப்பது வழக்கம் (அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது). இதை வைத்துச் சாம்பாரை விஷமாகப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 10 லிட்டர் சாம்பாருக்கு 5 கிராம் தூள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், குளூட்டன் சுமார் 200 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம். சரியாக வரம்பின் விளிம்பு. ஒரு கிண்ணம் 200 மில்லியில் 4 மில்லிகிராம். ரவா தோசைத் துணுக்கு ஒன்று இதைவிட அதிகம் தரலாம். ஆனாலும் இரண்டாம் முறை ஊற்றச் சொன்னால் கணக்கு கூடும். கை தாராளமான சமையல்காரர் என்றால் இன்னும் கூடும். இட்லிப் பொடியில் பெருங்காயம் நீர்க்காமல் அப்படியே இருக்கும், அதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். தேங்காய்ச் சட்னி போதும்.

பிரியாணிச் சட்டி

ஒரே சட்டி, ஒரே கரண்டி, பாசுமதி, இறைச்சி, தயிர், மசாலா. கோதுமைக்கு அங்கே வேலையே இல்லை. ஆட்டுப் பிரியாணி எல்லாவற்றிலும் நேர்மையானது. கோழியில் கவனம் வேண்டும்: குழம்பில் வெந்த கோழி சரி, பொரித்த கோழி வைத்துத் தருகிற தட்டு சரியில்லை, மேல்பூச்சில் மைதா இருக்கும். மீன் பிரியாணிக்கும் அதே கேள்வி. பிரியாணியோடு ஊற்றும் தால்ச்சா பருப்பிலேயே கெட்டிப்படும், மாவு தேவையில்லை. குருமாவை மாவு கரைத்துக் கெட்டியாக்குகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். அப்பளம் உளுந்துதான், ஆனால் எந்த எண்ணெயில் பொரிந்ததோ தெரியாது, விட்டுவிடலாம்.

இந்தக் கடையின் ஒரே பலவீனம், பக்கத்திலேயே முர்தபா போடுவது. பிரியாணி மட்டும் விற்கும் கடைக்கும் பிரியாணி, பரோட்டா, மீ கோரெங் (வறுத்த கோதுமை நூடல்ஸ்) எல்லாம் விற்கும் கடைக்கும் சுவையில் வித்தியாசம் இல்லாமல் போகலாம். நமக்கு வித்தியாசம் மலையளவு.

கோழிச்சோறா, நாசி லெமாக்கா?

சீனக் கோழிச்சோறு பார்வைக்குச் சாது. வெள்ளைக் கோழி, சோறு, இஞ்சி, மிளகாய் அரைப்பு. ஆனால் பரிமாறும்போது மேலே ஊற்றும் சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது. ஊற்ற வேண்டாம் என்று சொன்னாலும் வெட்டுப்பலகையில் அதற்கு முன் வெட்டியது சோயாவில் ஊறிய வறுத்த கோழி. சோற்றை வேகவைக்கும் சாறில் கடையில் விற்கும் சாறுக்கட்டியும் (ஸ்டாக் கியூப்) சேர்ந்திருக்கலாம். வாத்துச்சோறு சோயாவிலேயே வெந்தது, அதைப் பேசவே வேண்டாம்.

நாசி லெமாக் இதைவிட எளிது. தேங்காய்ப்பால் சோறு, முட்டை, வெள்ளரி, வேர்க்கடலை, சம்பல். பொரித்த கோழி இறக்கையையும் மீன் துண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நெத்திலி வெறுமனே பொரித்தது என்றாலும் எண்ணெய் கோழியோடு பொதுவானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விலக்க வேண்டியவை பல, சொல்ல வேண்டியது குறைவு. இந்திய ரோஜாக் என்ற பொரித்த பண்டக் கலவையின் துண்டுகளில் பாதிக்கு மேல் மைதா. சிங்கப்பூர் இறால் வடையும் மைதாவே. அதே சட்டியில் பொரியும் உளுந்து வடையும் பருப்பு வடையும் அதனாலேயே போயிற்று. பீ ஹூன் அரிசி நூடல்ஸ்தான், ஆனால் கோதுமை நூடல்ஸான மஞ்சள் மீ வதங்கிய அதே வாணலி, அதே சோயா. தோஃபு, காய், மீன் உருண்டைகளைத் தேர்ந்தெடுத்துச் சாறில் வாங்கும் யோங் தாவ் ஃபூ கடையில் எல்லா நூடல்ஸும் ஒரே கொதிநீரில் முங்கி எழும்.

பானத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பார்லித் தண்ணீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று கையில் கொடுப்பார்கள்; பார்லியிலும் குளூட்டன் உண்டு. மைலோவில் பார்லி மால்ட், ஹார்லிக்ஸில் கோதுமையும் சேர்த்து. தே தாரிக், கரும்புச்சாறு, இளநீர், எலுமிச்சை எதுவும் பரவாயில்லை.

கேட்கும் விதம்

“குளூட்டன் இருக்கா?” என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். “மாவு இருக்கா?” என்றால் தோசைக்கடைக்காரர் சிரிப்பார், அவர் விற்பதே மாவு. “கோதுமை இருக்கா?” என்பதும் போதாது; மைதாவையும் ரவையையும் கோதுமை என்று பலர் நினைப்பதில்லை. மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: “அண்ணே, கோதுமை, மைதா, ரவை மூணும் எனக்கு ஆகாது. இந்தக் கல்லுல பரோட்டா போடுவீங்களா? கரண்டி தனியா?” மலாய்க் கடையில் “தெப்போங் கண்டும் தா போலே மாக்கான், கிச்சாப் தா மாவ்” என்றால் கோதுமை மாவும் சோயாவும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். சீனக் கடையில் “பூ யாவ் ஜியாங் யோ” சோயாவைத் தடுக்கும், பலகையைத் தடுக்காது.

இதையெல்லாம் கேட்கும் நேரம் பகல் பன்னிரண்டரை அல்ல. வரிசை நீண்டு நிற்கும்போது தனிக்கரண்டி எடுக்க யாருக்கும் கை வராது. பதினோரு மணிக்குச் சட்டி திறந்ததும் போனால், அண்ணனுக்குப் பேசவும் நேரம் இருக்கும், கரண்டியும் வேறு எதிலும் முங்கியிருக்காது.