என் மதர்போர்டை எனக்கே விற்று 7,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் விஷயம் தெரிந்தது. இன்று முழுக்க அலைந்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்கிறேன். கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், முக்கியமாக பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டு சில்லிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட் செய்யப் பென்டிரைவும் கையுமாக முழித்துக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து படியுங்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் சிக்கல் உனக்குத்தான் என்கிறார் என் வீட்டுக்காரர். திருநெல்வேலியில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் ஒரு சின்னக் கடை, அவ்வளவுதான் சொல்வேன். அந்த மாதிரிக் கடை ஊருக்குப் பத்து இருக்கிறது.

நான் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஸ்டுடியோக்காரர்கள் போட்டோக்களை அனுப்புவார்கள், ஷீட்டுக்கு 40 ரூபாய் எனக்கு. 7,200 ரூபாய் என்றால் 180 ஷீட். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

சிஸ்டம் 2019-ல் வாங்கியது. பி450 மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி பிராசஸர். ஆவணி முகூர்த்த வேலை குவிந்ததும் அது திணற ஆரம்பித்தது. போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றலாமே என்று 5600ஜி வாங்கினேன். அதே சாக்கெட், அப்படியே உட்காரும். வாங்கின அன்றைக்கே பழைய 2200ஜி-யைக் கழற்றி ஒரு காலேஜ் பையனுக்கு 1,800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். இது முழுக்க என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் பி450 போர்டு வந்தது 2018-ல், 5600ஜி வந்தது 2021-ல். மூன்று வருஷம் கழித்துப் பிறந்த பிராசஸரை அந்தப் போர்டுக்கு அடையாளம் தெரிய வேண்டுமென்றால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பழைய பிராசஸர் கையில் இருந்திருந்தால் அதைப் போட்டு, பயாஸுக்குள் போய், அங்கிருந்தே அப்டேட் செய்துவிட்டுப் புதியதை மாட்டியிருக்கலாம். அதைத்தான் 1,800-க்கு விற்றாயிற்றே. புதியதை மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டு ஓரத்தில் இருக்கும் நான்கு குட்டி விளக்குகளில் பிராசஸருக்கான சிவப்பு மட்டும் எரிந்துகொண்டே நிற்கிறது.

நல்லவேளை, என் போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் ஒன்று இருக்கிறது (எல்லாப் போர்டிலும் இருக்காது). அதற்குப் பிராசஸரும் வேண்டாம், ரேமும் வேண்டாம். பவர் சப்ளை ஒயர் மட்டும் மாட்டியிருந்தால் போதும். கம்பெனி சைட்டிலிருந்து பயாஸ் ஃபைலை இறக்கி, அவர்கள் சொல்லும் பெயரை வைத்து, பென்டிரைவில் போட்டு, அதற்கென்று குறித்திருக்கும் போர்ட்டில் செருகி பட்டனை அமுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் விளக்கு விட்டு விட்டு எரியும். அது நின்றால் வேலை முடிந்தது.

எனக்கு விளக்கு மூன்று தடவை மின்னிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடியும் மூன்று. வீட்டுக்காரர் லேப்டாப்பில் ஃபைலைத் திரும்ப இறக்கினேன், பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். அன்று சாயந்திரம் மட்டும் இருபது தடவையாவது அந்தப் பட்டனை அமுக்கியிருப்பேன். பென்டிரைவ் மேல் சந்தேகமே வரவில்லை. ஒரு கல்யாணத்தில் ஸ்டுடியோ எனக்குக் கொடுத்தது, 64 ஜிபி, மேலே மாப்பிள்ளை பெண் பெயரெல்லாம் தங்க எழுத்தில். புத்தம் புதுசு, அதில் என்ன கோளாறு இருக்கப் போகிறது?

சரி, தெரிந்தவர்களிடம் கொடுப்போம் என்று மறுநாள் போர்டைத் தனியாகக் கழற்றி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். மகளிருக்கு டிக்கெட் இல்லை என்பதால் மொத்தக் கதையிலும் அந்தக் காசு ஒன்றுதான் மிச்சம்.

கடையில் இருந்தவனுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். “வாங்கக்கா, உக்காருங்கக்கா” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான், ஒரு தடவை கூடக் குறுக்கே பேசவில்லை. நான் ஏமாந்தது இங்கேதான். எத்தனையோ கடைகளில் ‘ஆம்பளைங்க யாராவது வரலியா’ என்கிற பார்வையைப் பார்த்துப் பழகியவள் நான். ஒருத்தன் பொறுமையாகக் கேட்டதுமே நல்லவன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு கருப்புக் கருவியை எடுத்தான். தீப்பெட்டி அளவு, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் துணி மாட்டும் கிளிப் மாதிரி ஒன்று. அந்தக் கிளிப்பை போர்டில் இருந்த எட்டுக் கால் சில்லு ஒன்றின் மேல் கவ்வ வைத்தான். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். திரை முழுக்க எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப் என்று வரிசை வரிசையாக ஓடுகிறது.

“பாருங்கக்கா, உள்ள ஒண்ணுமே இல்ல. பயாஸ் சிப் செத்துப் போச்சு. நீங்க பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குனீங்கல்ல, அதுல போயிருக்கும்.”

அந்த ஒரு வாக்கியத்தில் என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டான். எனக்கு என் மேலேயே கோபம். சிப் மாற்ற 2,200 ரூபாய் என்றான், அங்கேயே ஜிபே செய்தேன். ரசீது கேட்கவில்லை.

மூன்று நாளில் தருகிறேன் என்றவன் ஒன்பது நாள் இழுத்தான். ஸ்டுடியோக்காரர் ஒரு பக்கம் போன் மேல் போன். ஒன்பதாம் நாள் அவனே கூப்பிட்டான். சிப்பை மாற்றியும் வரவில்லையாம், போர்டில் ஷார்ட் ஆகியிருக்கிறதாம். “உங்க நல்ல நேரம்க்கா, அதே மாடல் செகண்ட்ஸ்ல ஒண்ணு இருக்கு. 5,000 குடுங்க, ஒரு மாச வாரண்டியோட தர்றேன். உங்க 5600ஜி ஓடுற மாதிரி அப்டேட் பண்ணியே தர்றேன்.” அதே மாடல் அத்தனை சுலபமாகக் கிடைக்குமா என்று ஒரு நொடி தோன்றியது. கையில் 38 ஷீட் வேலை நிற்கும்போது அந்த ஒரு நொடிக்கு என்ன மதிப்பு? 2,200-ம் 5,000-மும் ஆக 7,200. பழைய போர்டைத் திருப்பிக் கேட்டேன். “அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சுக்கா.”

கொண்டுவந்து மாட்டினேன். ஓடியது, அருமையாக ஓடியது. அவனுக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

நேற்று ராத்திரி முன்பக்க யூஎஸ்பி வேலை செய்யவில்லையே, அந்த ஒயரை மாட்ட மறந்துவிட்டேன் போல என்று கேபினெட்டைத் திறந்தேன். போன் டார்ச்சை அடித்துக் குனிந்தால், பவர் பட்டன் ஒயர் மாட்டுகிற இரண்டு பின்களின் அடியில் மெரூன் கலரில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நெயில் பாலிஷ்.

2019-ல் நான் வைத்தது. அந்தக் குட்டிப் பின்களில் எது பவர், எது ரீசெட் என்று ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்ட முடியாமல், அடையாளத்துக்கு ஒரு சொட்டு வைத்திருந்தேன். யாரோ துடைத்துப் பார்த்திருக்கிறார்கள். மேலே போய்விட்டது, பின்னின் வேரில் இருந்தது போகவில்லை.

பரணிலிருந்து போர்டு வந்த அட்டைப் பெட்டியை இறக்கினேன். மாமியார் அதில் ஊசி நூலெல்லாம் போட்டு வைத்திருந்ததால்தான் அது பழைய பேப்பர்காரரிடம் போகாமல் தப்பித்தது. “என்னங்க, பெட்டில இருக்கிற நம்பரை வாசிங்க” என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் போர்டில் பெரிய பவர் சாக்கெட் பக்கம் ஒட்டியிருந்த பார்கோடு ஸ்டிக்கரில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி எழுத்துவரை ஒன்று. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் சொந்தப் போர்டுக்கு நான் 7,200 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

ராத்திரியோடு ராத்திரியாக ஓசூரில் இருக்கும் சித்தி பையனைக் கூப்பிட்டேன். அவன் இந்த வேலையில் பழகியவன். போர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். “அக்கா, சிப் காலைப் பாரு. கம்பெனி ஈயம் அப்படியே பளபளன்னு இருக்கு. சுத்தி பசை கறையே இல்ல. யாரும் இதைக் கழட்டவே இல்ல” என்றான். அந்த எஃப்எஃப் கதையைச் சொன்னேன், சிரித்தான். கிளிப் சில்லின் கால்களை ஒழுங்காகக் கவ்வவில்லை என்றாலும் திரையில் அதே எஃப்எஃப்தான் வருமாம். உள்ளே முழு பயாஸ் இருந்தாலும் வெறும் எஃப்எஃப் காட்டுமாம். நிஜமாகச் சோதிப்பவன் கிளிப்பை எடுத்து எடுத்து மாட்டி இரண்டு மூன்று தடவை படித்து, எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். இவன் ஒரே தடவை, அதுவும் எனக்குக் காட்டுவதற்காகப் படித்தான்.

அப்படியானால் எனக்கு ஏன் ஃப்ளாஷ் ஆகவில்லை? “பென்டிரைவ் என்ன ஃபார்மட்?” என்று கேட்டான், அதாவது ஃபைல்களை உள்ளே அடுக்கி வைக்கும் முறை. பார்த்தால் எக்ஸ்ஃபேட். பிராசஸரே இல்லாமல் ஃபைலைப் படிக்கிற அந்தச் சின்னச் சில்லுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். என் விண்டோஸ் 10-ல் 64 ஜிபியை ஃபார்மட் செய்யப் போனால் ஃபேட்32 என்ற பேச்சே அந்த ஃபார்மட் திரையில் கிடையாது, 32 ஜிபி வரைக்கும்தான் காட்டும். மூன்று தடவை மின்னிவிட்டு நின்றதற்கு அர்த்தம், பென்டிரைவில் தனக்குப் புரிகிற மாதிரி எதுவும் இல்லை என்பதுதான். சிப் சாகவே இல்லை. அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை.

இன்று மத்தியானம் மகளின் பழைய 8 ஜிபி பென்டிரைவை எடுத்து, ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, அதே ஃபைலைப் போட்டு, அதே பட்டனை அமுக்கினேன். விளக்கு நிற்காமல் மின்னியது. ஆறு நிமிஷத்தில் அணைந்தது. அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் 7,200.

அதற்கு முன்னால் காலையிலேயே கடைக்குப் போன் போட்டேன். முதல் தடவை “கடை இன்னும் திறக்கலக்கா.” பதினோரு மணிக்கு “டெக்னீஷியன் வெளிய போயிருக்காரு.” ஏம்ப்பா, டெக்னீஷியனே நீதானே? நேரில் போனேன். ஸ்டூலும் இல்லை, டீயும் இல்லை.

பெட்டியைக் காட்டினேன். “அது சீரியல் நம்பர் இல்லக்கா, மாடல் நம்பர். எல்லாப் போர்டுலயும் ஒண்ணுதான் இருக்கும்.” மாடல் நம்பர் கீழே தனியாக இருப்பதைக் காட்டினேன். “அப்போ பெட்டி மாறியிருக்கும்.” நெயில் பாலிஷைக் காட்டினேன். “அது கம்பெனில செக் பண்ணி வைக்கிற மார்க்குக்கா.” என் கால் விரலில் அதே மெரூன்! கடையில் இருந்த இன்னொரு பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் குரல் மாறியது. “பில்லு இருக்கா? பில்லு இல்லாம எதுவும் பேச முடியாது.” பில் என்று அவன் கொடுத்தது நோட்டில் கிழித்த அரைத் தாள். ‘போர்டு சர்வீஸ் 7200’. கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, சீல் இல்லை.

அக்கா அக்கா என்று கூப்பிட்டே ஆளைக் காலி செய்கிறவர்களை நம்பாதீர்கள் என்று எழுத வந்தது, ஆனால் என் சித்தி பையனும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே விவரம், பெட்டி, போர்டு ஸ்டிக்கர் படங்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், இப்போது அதற்குத் தெம்பில்லை, ஷீட் வேலை வேறு நிற்கிறது. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். புதுப் பிராசஸர் ஓடி டிஸ்ப்ளே வரும்வரை பழையதை விற்காதீர்கள். பென்டிரைவ் சின்னதாக இருக்கட்டும், 32 ஜிபிக்குள், ஃபேட்32. இறக்கிய ஜிப் ஃபைலைப் பிரித்து, உள்ளே இருக்கும் பயாஸ் ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் வெளியிலேயே போடுங்கள். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: எம்எஸ்ஐ போர்டுக்கு MSI.ROM (ராம் அல்ல, ஆர்ஓஎம்). கிகாபைட்டுக்கு GIGABYTE.bin. அசூஸ் பெயர் மாற்ற ஒரு குட்டி புரோகிராமே தருகிறது. போர்டின் மாடலும் ரிவிஷனும் (பதிப்பு எண்) அச்சாக ஒத்துப்போக வேண்டும். விளக்கு மின்னும்போது கரண்டைப் பிடுங்காதீர்கள். எங்கே கொடுத்தாலும், கொடுக்கும் முன் சீரியல் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். பழைய பாகத்தைத் திருப்பி வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். நெயில் பாலிஷும் வைக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கிறது. “அக்கா 1000 ஜிபே பண்றேன், ரிவ்யூ எதுவும் போட்டுறாதீங்க.”

மிச்சம் 6,200 எங்கே என்று கேட்டிருக்கிறேன். இன்னும் நீல டிக் வரவில்லை.