லண்டன் – பாரிஸ்: விமானமா, ரயிலா?

இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 344 கிலோமீட்டர்தான். இந்த எண்ணைப் பார்த்ததும் விமான டிக்கெட் தேடுகிறவர்கள்தான் அதிகம். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் கிளம்பினால் பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையம் வரை வானத்தில் இருப்பது ஏறக்குறைய 50 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போடுவார்கள். கடலுக்கடியில் சுரங்கப்பாதை வழியாகப் போகும் யூரோஸ்டார் ரயிலோ 492 கிலோமீட்டர் ஓடி, சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போய்ச் சேர்கிறது.

ஆனாலும் ரயில்தான் முந்துகிறது. வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக, பறந்து இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, அப்புறம் பாரிஸுக்கு வெளியே 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் பிடித்து ஊருக்குள் வரவேண்டும். ஐந்து மணி நேரம் சர்வசாதாரணமாகப் போய்விடும். ரயில் ஏறும் செயின்ட் பாங்க்ரஸ் லண்டனுக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சு அதிகாரிகள் அங்கேயே பாஸ்போர்ட்டைப் பார்த்து முடித்துவிடுவதால் பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் இறங்கியதும் நேரே தெருவுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் நடந்தால் லா ஷப்பேல் தமிழ்க் கடைகள். வரிசை நேரத்தையும் சேர்த்து நாலு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு கிடையாது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டார்கள். எனக்கு இதுவே போதும்.

நேரத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டனில் 10.15க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும், அதைப் பார்த்து மயங்கவேண்டாம்.

விமானம் நல்லது என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. ஹவுன்ஸ்லோ, சவுத்தால் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஹீத்ரோ கைக்கெட்டும் தூரம். வேறு நாட்டிலிருந்து வந்து ஹீத்ரோவில் விமானம் மாறி ஒரே டிக்கெட்டில் பாரிஸ் போகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருவதில் அர்த்தமில்லை. கடைசி நேரத்தில் யூரோஸ்டார் கட்டணமும் எக்கச்சக்கமாக ஏறிவிடும், அப்போது விமானம் மலிவாகவே கிடைக்கலாம். பேருந்தும் இருக்கிறது, எட்டு ஒன்பது மணி நேரம். காசுதான் முக்கியம் என்றால் மட்டும்.

இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய உள்நாட்டு வழித்தடங்கள் சிலவற்றில் 2023இல் விமானத்தையே நிறுத்திவிட்டது பிரான்ஸ். லண்டன் வெளிநாடு என்பதால் அந்தச் சட்டம் இங்கே வராது, ஆனால் அந்தக் கணக்கில் இந்த ரயிலும் தேறிவிடும்.

எதில் போனாலும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தனி, பிரிட்டன் விசா தனி. பாரிஸில் இறங்கி லண்டன் பார்த்துவிட்டு மறுபடி பாரிஸ் திரும்புவதாகத் திட்டமிருந்தால், ஷெங்கன் விசா ஒரே ஒரு நுழைவுக்கா, பல நுழைவுக்கா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.